பவளத் தொட்டிக்கு எங்கள் வீட்டுச் சுண்ணாம்பு

உயிருள்ள பவளம் சுண்ணாம்பு தின்னும் என்று நான் சொன்னபோது என் தம்பி, "வெத்தலையும் போடுமா?" என்று கேட்டான். வீடே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது, என் வேலையை யாராவது கேலி செய்தால் பொறுக்காது.

ஆனால் அவன் கேட்டதில் பெரிய தப்பில்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற கால்சியத்தை உறிஞ்சித்தான் பவளம் தன் எலும்பைக் கட்டுகிறது. கடலில் அதற்குப் பஞ்சமில்லை. கண்ணாடித் தொட்டியில் கொண்டுவந்து அடைத்தால், இருப்பதைச் சில நாளில் இழுத்துத் தீர்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அப்புறம் நாம்தான் அளந்து ஊட்ட வேண்டும். குறைந்தால் வளர்ச்சி நிற்கும், கூடினால் தண்ணீரே வெள்ளையாகத் திரிந்துபோகும். தினமும் அளப்பதும் ஊட்டுவதும்தான் என் பிழைப்பாக இருந்தது.

பாம்பனைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்னக் காட்சிக்கூடம் அது. கோயிலுக்கு வந்தவர்கள் தீர்த்தமாடிய ஈரத் துணியோடு வந்து மீன் பார்த்துவிட்டுப் போவார்கள். முறையாக அனுமதி வாங்கி உயிர்ப்பவளம் வைத்திருந்த ஒரு பெரிய தொட்டி இருந்தது. அதுதான் எங்கள் பெருமை. நான் வேதியியல் படித்தவள். சாயல்குடிக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஊர், மிளகாய் விவசாயம். கடலை நான் கல்லூரிக்குப் போகும்வரை நாலு தடவைகூடப் பார்த்ததில்லை. "நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ள மீன் தொட்டி கழுவப் போகணுமாக்கும்" என்று என்னைப் பெத்த அய்யா ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. தொட்டி கழுவுவது நானில்லை, நான் அளக்கிறவள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

தொட்டியைக் கழுவியதும், தண்ணீர் மாற்றியதும், நான் கலக்கிக் கொடுத்த சுண்ணாம்பு நீரைச் சொட்டவிட்டதும் ஓர் அண்ணன். பாம்பன்காரர், நாற்பது வயதிருக்கும். தினக்கூலியாக இருந்தார். நான் சிவப்பு மையில் எண்களை எழுதி நோட்டில் கோடு போடுவதைப் பார்த்து எனக்கு "வாத்தியாரம்மா" என்று பேர் வைத்துவிட்டார்.

"இன்னைக்கு எத்தன மார்க்கு, வாத்தியாரம்மா?" என்று காலையில் வந்து நிற்பார்.

நான் குடுவையில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, மருந்து போட்டு, மேலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவேன். இளஞ்சிவப்பு நிறம் ஊதாவாகத் திரும்புகிற சொட்டோடு நிறுத்திக் கணக்குப் போட்டால் எண் கிடைக்கும். "நானூத்திப் பதினஞ்சு" என்றால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். என்னமோ அவர் பிள்ளை பரீட்சையில் வாங்கிய மார்க் மாதிரி.

இளவயதில் அவர் பார்த்த தொழில் வேறு. கடலுக்கு அடியிலிருந்து பவளக் கல்லைப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தக் காலத்தில் அது பலருக்குப் பிழைப்பு. ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எத்தன வள்ளம் இந்தக் கையால ஏத்தியிருப்பேன் தெரியுமாம்மா? கடப்பாரையக் குடுத்து நெம்புனா மளுக்குன்னு வந்துரும். அது உசுருன்னு எவன் சொன்னான்? கல்லுன்னுதான் நெனச்சோம். இங்கன வந்து அது ராத்திரி வாயத் தொறந்து தின்னுறதப் பாத்தன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. இப்ப ஏதோ நாலஞ்ச வளக்குறேன். அம்புட்டுக்கும் இது ஈடாகாது. இருந்தாலும் மனசுக்கு ஏதோ ஒரு இது."

அப்படிச் சொன்னவர் புதிதாக ஒரு நுனி குருத்துவிட்டால் என்னைக் கையோடு இழுத்துப் போய்க் காட்டுவார். வெள்ளையாக, அரிசி முனை அளவு இருக்கும். எனக்குச் சில சமயம் கண்ணுக்கே தெரியாது. தெரிகிற மாதிரி தலையாட்டுவேன்.

அந்த வருடம் மார்கழியில் எங்களுக்குக் கெட்ட காலம் தொடங்கியது. ஆய்வுக்கூடத்துக்கென்று வருகிற சுத்தமான சுண்ணாம்புத் தூள் தீர்ந்துவிட்டது. எழுதிப் போட்டோம், வரவில்லை. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கலாமே என்று கேட்கலாம். வாடைக் காற்றில் கரைத்தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடந்தது, அதைத் தொட்டிக்குள் விட்டால் பவளம் மூச்சு முட்டிச் செத்துப்போகும். எண் இறங்கத் தொடங்கியது. முந்நூற்றெண்பது. முந்நூற்றறுபது. அண்ணன் காலையில் வந்து எண் கேட்பதை நிறுத்திவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. தை பிறந்ததும் அனுமதி கொடுத்தவர்கள் தொட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. அது நல்லபடியாக முடிந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த உத்தரவு கைக்கு வராவிட்டால் அய்யா என்னை மறுவாரமே வீட்டில் உட்காரவைத்துவிடுவார்.

"சூளைக்காரன் ஒருத்தன் எனக்குப் பழக்கம்தான். ரெண்டு படி நீத்துன சுண்ணாம்பு வாங்கியாரவா?" என்று அண்ணன் கேட்டார்.

"சூளைச் சுண்ணாம்பா? அதுல சாம்பல், மண்ணு, என்னென்ன கருமம் கெடக்குமோ! எங்க வீட்டுல கிளிஞ்சல் சுண்ணாம்பு இருக்கு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாங்கித் தண்ணி ஊத்தி நீத்து வச்சிருப்பாங்க. சுத்தமா இருக்கும். நான் கொண்டு வாரேன்" என்றேன்.

எங்கள் வீட்டுப் பொருள் என்றால் சுத்தம். அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். எங்கள் வீட்டு நெய், எங்கள் வீட்டுப் புளி, எங்கள் வீட்டு மிளகாய்ப்பொடி. அவர் சூளை என்று சொன்னபோது நான் முகத்தைச் சுளித்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா கொல்லையில் இருந்த பெரிய மண்பானையிலிருந்து அகப்பையால் தோண்டி, மூடி போட்ட வாளி நிறையச் சுண்ணாம்பு கொடுத்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. மறுநாள் காட்சிக்கூடத்தில் கரைத்தபோது லேசாக நீலம் ஓடியது. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில் பளிச்சென்று இருக்கச் சொட்டு நீலம் விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அம்மா இப்போதே கலந்துவிட்டாள் போல என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். துணிக்குப் போடுகிற நீலம், துளியூண்டு, என்ன செய்துவிடப் போகிறது? வேதியியல் படித்தவள் நான். ஒரு சொட்டை எடுத்துச் சோதித்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

சாயங்காலம் பூட்டும்போது, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றைக் கேனில் மாட்டி, வண்டலை அடியில் தங்கவிட்டு மேலே நிற்கிற சுண்ணாம்புத் தெளிவைத் தொட்டிக்குச் சொட்டவிட்டுப் போவோம். விடிவதற்குள் மெதுவாக இறங்கிவிடும். முதல் நாலு நாள் எண் அசையவில்லை. எனக்குப் பொறுமை ஏது? "தெளிவு வேணாம்ணே, கலக்கி அப்படியே விடுங்க" என்றேன்.

"கலங்கலாவா?" என்று ஒருமுறை கேட்டார்.

"நான் சொல்றேன்ல."

எண் ஏறியது. முந்நூற்றெண்பது, முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து, நானூற்றுப் பத்து. நான் நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்கே ஓடினேன். அந்த ஏற்றம் எதனால் வந்தது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. தின்கிறவர்கள் படுத்துவிட்டால் பானையில் சோறு மிஞ்சத்தானே செய்யும். பவளம் தின்பதை நிறுத்தியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் நான் உள்ளே நுழைந்தபோது அண்ணன் தொட்டிக்கு முன்னால் குத்துக்கல்லாட்டம் நின்றிருந்தார். பவளத்தின் மேல்தோல் கஞ்சி ஏடு போலக் கழன்று தண்ணீரில் மிதந்தது. உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் எல்லாம் கீழே விழுந்து கிடந்தன. கடல்முள்ளி தன் முட்களை உதிர்த்துவிட்டு மொட்டையாகக் கிடந்தது.

"நாந்தாம்மா, நாந்தான் கொன்னுட்டேன்" என்றார். "நேத்துச் சாயங்காலம் கொழாய் அடச்சுக்கிச்சு. சொட்டே விழல. எங்களுக்கு மாதா கோயில்ல நவநாள் செபம், பஸ்ஸப் புடிக்கணும்னு அவசரம். நல்லாத் தொறந்து விட்டா எளகிக்கும்னு முழுசாத் தொறந்துட்டுப் போயிட்டேன். அம்புட்டும் ஒரேயடியா எறங்கியிருக்கு. கேனு காலியாக் கெடக்கும்மா."

சுண்ணாம்பு ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீரின் காரம் எகிறும், உயிர்கள் செத்துப்போகும். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். நானும் முதலில் அதையே நம்பினேன். வேறு வழியில்லாமல் கலங்கிய கரைத்தண்ணீரையே துணியில் வடிகட்டி அன்று முழுக்கத் தண்ணீர் மாற்றினோம். அவர் இடுப்பளவு தண்ணீரில் தொட்டிக்குள் இறங்கி நின்று, கழன்ற தோலைக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டார். சனிக்கிழமை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அந்தத் தொட்டியில் மீன்களும் இருந்தன. அவை அத்தனையும் நன்றாக இருந்தன, இரை போட்டால் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. காரம் எகிறியிருந்தால் முதலில் மீன் அல்லவா மல்லாந்திருக்க வேண்டும்? மீனை விட்டுவிட்டு நத்தையையும் முள்ளியையும் பவளத்தையும் தேடித் தேடிக் கொல்கிற விஷம் எது என்று எனக்குப் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செம்பு. ஆனால் செம்பு எங்கிருந்து வரும் என்று பிடிபடவில்லை.

மறுநாள் ஞாயிறு, ஊரில் இருந்தேன். கொல்லையில் அய்யாவும் தம்பியும் மிளகாய்ச் செடிக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்கள். நுனி கருகாமல் இருக்க வருடா வருடம் அடிக்கிற மருந்துதான். மயில்துத்தத்தைக் கரைத்துச் சுண்ணாம்போடு சேர்ப்பார்கள். இரும்பில் கலந்தால் மருந்து கெட்டுவிடும் என்று மண்பானையில்தான் கலப்பார்கள். அந்தப் பெரிய மண்பானையில்.

மயில்துத்தம் என்றால் செம்பு உப்பு. பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"அம்மா, ரெண்டு வாரத்துக்கு முந்தி எனக்குக் குடுத்த சுண்ணாம்பு இதுலயா இருந்துச்சு?"

"வேற எதுல? மருந்துக்குக் கலக்குனது போக மிச்சத்துலயே இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பக் கொட்டி நீத்து வச்சேன். சொவத்துக்கு அடிக்கத்தான. ஏன், நல்லாருந்துச்சா?"

"ஏலே, அங்கிட்டுத் தள்ளுடா, அவ மேல தெறிக்குது பாரு" என்று அய்யா தம்பியை அதட்டினார். அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டது, உள்ளே வா என்று அம்மா கூப்பிட்டாள். பசியில்லை என்றேன்.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் விசாரணை. விசாரணை என்று பெரிய பேர் எதற்கு, மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள் இருவரும். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்பதற்கு முன்பே குழாயைத் திறந்துவிட்ட கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குழாய் ஏன் அடைத்துக்கொண்டது, கலங்கலாக விடச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்க. சுண்ணாம்பு ஒரேயடியா இறங்கினா இப்படி ஆகுமா?"

பஸ்ஸில் வரும்போது நான் எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். வாளி, பானை, துத்தம், என் அவசரம். வாய் திறந்தால் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது என் நிரந்தர வேலை உத்தரவுதான். அய்யா திறக்கிற வாய்தான். பயந்தேன். வேறு எந்தக் காரணமும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"ஆக வாய்ப்பிருக்கு, சார்" என்றேன்.

தினக்கூலிக்காரருக்குக் கடிதம் எதுவும் தேவையில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். அண்ணன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன் வாத்தியாரம்மா. மனசுல வச்சுக்கிராதீக" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்! "பரவால்லண்ணே" என்றேன். சீ, பரவாயில்லையாம். அந்தச் சொல்லை நினைத்து நான் என் வாயிலேயே அடித்துக்கொண்ட நாள் உண்டு.

தையில் தொட்டியைப் பார்க்க வந்தவர்கள் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். வருடம் கழித்து வேறு பவளம் வந்தது. என் வேலையும் நிரந்தரமானது. ஆய்வுக்கூடத் தூள் தவிர வேறு எதையும் தொட்டிப் பக்கம் நான் அண்டவிடவில்லை. எண் நானூற்றுக்குக் கீழே இறங்கியதே இல்லை. பேர் வாங்கினேன், கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள், "கைநுணுக்கம்" என்று என்னைப் பாராட்டினார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் பாம்பன் நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். எட்டு வருடத்துக்கு மேல் அப்படிக் குனிந்திருக்கிறேன். அவர் கருவாட்டு யாவாரிக்குச் சாக்குத் தைத்துக் கொடுக்கிறார் என்று ஒரு தடவை கேள்விப்பட்டேன். வீடு எது என்று விசாரிக்கலாம் என்று தோன்றும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன்.

கடைசியில் அவரே வந்தார். ஒரு மத்தியானம், வெளியூர்ச் சம்பந்தி வீட்டார் ஏழெட்டுப் பேருக்குக் காட்சிக்கூடத்தைக் காட்டக் கூட்டிவந்திருந்தார். அவர்கள் உள்ளே போனார்கள். அவர் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். தலை பாதி நரைத்திருந்தது. நான் பின்வாசல் வழியாக நழுவியிருக்கலாம். போகவில்லை.

"சொகமா இருக்கீகளா, வாத்தியாரம்மா? இப்ப எம்புட்டு இருக்கு?"

"நானூத்தி இருபதுண்ணே. உள்ள வந்து பாருங்க."

"நல்லது, நல்லது. நீங்க நல்லாப் பாப்பீகன்னு தெரியும். நான் வரல. என் கை ஆகாது."

"கண்ணால பாக்குறதுக்குக் கை எதுக்குண்ணே?" என்று சிரிக்கப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குச் சொல்லலம்மா. கடலுக்குள்ள இருந்ததையும் இந்தக் கைதான் பேத்துச்சு. பாவம் போகட்டும்னு வளத்ததையும் இந்தக் கைதான் கொன்னுச்சு. எம் மகளுக்குப் பிள்ள பொறந்தப்ப, அப்பா நீதான் சேன வைக்கணும்னு சொல்லிப்புட்டா. ஒரே அழுக. நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். பொறந்த பிள்ள நாக்குல மொதமொத யாரு சீனித்தண்ணி தொட்டு வைக்கிறாகளோ அவுக குணமுல்ல பிள்ளைக்கு வரும். எங் குணம் எதுக்கு அந்தப் பிஞ்சுக்கு? பக்கத்து வீட்டு ஆளக் கூப்புட்டு வைக்கச் சொன்னேன். எம் மக இன்னவரைக்கும் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல."

வேலையைப் பறித்தேன் என்றுதான் அத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கே தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நின்று நிதானித்துச் சொல்லக்கூட முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் வீட்டு மண்பானை, மிளகாய்ச் செடிக்குக் கலக்கிய துத்தம், தண்ணீரில் ஓடிய நீலம், நான் விடச் சொன்ன கலங்கலோடு உள்ளே போன செம்பு, மீன் சாகாதது. குழாய் மெதுவாகச் சொட்டியிருந்தாலும் பவளம் செத்துத்தான் இருக்கும் என்றேன். அவர் கை ஒன்றுமே செய்யவில்லை என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நான் கொல்லல?"

"இல்லண்ணே."

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அந்த ஞாயித்துக்கிழமையே."

உள்ளேயிருந்து சம்பந்தி வீட்டார் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். தொட்டி ரொம்ப அழகு, எதற்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று ஒருவர் அவரைக் கேட்டார். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"எம் பேரனுக்கு இப்ப மூணு வயசாகுதும்மா" என்றார்.